ஆண்டாள் டீச்சர் தண்ணீர் குடித்த வீடுகள்

பச்சையம்மாள் வீட்டில் ஆண்டாள் டீச்சர் முதன்முதலாகத் தண்ணீர் குடித்தபோது காலனியில் பாதிப்பேர் வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். கூடிப் பார்க்க வேண்டிய காட்சிதான். ஊர்த்தெருவில் கரும்பும் மோட்டார் கொட்டகையுமாக வாழ்கிற வீட்டுப் பெண், குனிந்து கூரைக்குள் நுழைந்தார். விரிக்கப்போன பாயை வேண்டாம் என்று தள்ளிவிட்டுச் சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்தார். பச்சையம்மாள் நீட்டிய சொம்பை வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி நல்லா இருக்குது. எந்தக் கெணறு?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் பச்சையம்மாள் வீட்டுக் கொல்லையில் ஒரு கறவை மாடு நின்றது.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் போனால் வருகிற ஊர். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால். டீக்கடையில் காலனி ஆட்களுக்கான டம்ளர்கள் தனியாக வெளியே கம்பியில் தொங்கிய காலம் அது. ஆண்டாள் பால்வாடியில் டீச்சராக இருந்தவர். கல்யாணம் ஆகி, மூன்றே வருடத்தில் கணவனை இழந்து, தாய்வீட்டுக்கே திரும்பி வந்தவர். அறிவொளி வகுப்பு நடத்த வாய்க்காலைத் தாண்டி வந்தார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பெண்கள், இதை வைத்துக்கொண்டு கந்துவட்டிக்காரனிடம் நோட்டில் கையெழுத்துத்தான் போட முடிகிறது என்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. தன் சங்கிலியைக் கள்ளக்குறிச்சியில் அடகு வைத்தார். பெண்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையும் அதோடு போட்டுக் கடன் கொடுக்க ஆரம்பித்தார். 'துளிர் மகளிர் சங்கம்' அப்படித்தான் பிறந்தது.

தண்ணீர் விஷயத்தை யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை. டீச்சர் கடன் கேட்டவர் வீட்டுக்கு வெயிலில் நடந்து வருவார். மாட்டைப் பார்ப்பார், அடுப்பைப் பார்ப்பார், புருஷன் குடிக்கிறானா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார். மனசுக்குத் திருப்தி வந்துவிட்டால் காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். திருப்தி வரவில்லை என்றால் எழுந்துவிடுவார். பெண்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். டீச்சர் தண்ணீர் குடித்தால் கடன் உண்டு, தாகமில்லை என்றால் கிடையாது. ஒருத்தி டீச்சரை மயக்கப் பார்த்துக் கலர் சோடா வாங்கி வைத்தாள். கடன் கேட்கிற வீட்டில் கலர் சோடா எதற்கு என்று டீச்சர் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து காலனியில் யாராவது அதிகம் அலட்டினால், "டீச்சருக்குத் தாகமில்லையாம்" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது.

குடித்துவிட்டால் அந்த வீட்டுக்கு வருகிற மரியாதையே வேறு. சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொள்வார்கள். தவணை நாளில் கையில் இல்லையென்றால் மூக்குத்தியைக் கழற்றியாவது கட்டினார்கள். நம் வீட்டில் வாய் வைத்துக் குடித்த மனுஷியை ஏமாற்றுவதா என்று கேட்டார்கள். பத்து வருடம் துளிரில் ஒருத்தி கூடத் தவணை தவறவில்லை. பேங்க்குகள் தேடி வந்தன. சங்கம் ரிஷிவந்தியம் வரை கீழே பரவியது, வெள்ளிமலை, சேராப்பட்டு என்று மலைமேலும் ஏறியது. கடன் கொடுக்க என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்கள் என்று சென்னையிலிருந்து வந்தவர்கள் கேட்டபோது டீச்சர், "தாகம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அவர்கள் ரசித்து எழுதிக்கொண்டு போனார்கள்.

பச்சையம்மாள் எட்டாவது வரை படித்தவள். மாட்டுக்கடனைக் கட்டி முடித்ததும் டீச்சர் அவளைச் சங்க வேலைக்கு எடுத்துக்கொண்டார். மலைக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏறுவாள், குழுக் கூட்டம் நடத்துவாள், மாடு செத்த வீட்டுக்கு இன்சூரன்ஸ்காரரை இழுத்துக்கொண்டு போவாள். சண்டை தீர்ப்பாள். பேங்க் மேனேஜரிடம் பேசுவாள். டீச்சர் செய்கிற எல்லா வேலையும் அவளுக்கு அத்துப்படி, தண்ணீர் குடிப்பதைத் தவிர. அது டீச்சருடையது. சங்கம் எத்தனை ஊருக்குப் பரவினாலும் ஒவ்வொரு புதுக்கடனுக்கும் டீச்சரே போய்க் குடித்துவிட்டு வந்தார். ஒரு நாளில் ஏழெட்டு வீடு ஏறுவார். மலைப்பாதையில் ஜீப்பை நிறுத்தி நிறுத்தி ஒதுங்கப் போக வேண்டியிருந்ததைச் சொல்லி அவரே சிரிப்பார்.

வருடாந்திரக் கூட்டம் வந்தால் பச்சையம்மாளின் தோளில் கை வைத்து, "எனக்கப்பறம் பச்சைதான்" என்று மைக்கில் சொல்வார். பெண்கள் கை தட்டுவார்கள். அடுத்த வருடமும் சொல்வார். வீட்டுக்கு வந்தால் புருஷன் முனியன் அவளைச் சீண்டுவான். அவன் கரும்பு வெட்டுகிறவன், வாய்த்துடுக்குக்காரன்.

"வருசா வருசம் சொல்லிக்கினே கீறாங்களே உன் டீச்சரு, எப்போன்னு கேட்டியா?"

கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே ஒரே ஒரு முறைதான். டீச்சர் ஒரு விருது வாங்க டெல்லிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சங்கத்தில் இருந்த லட்சுமியம்மாளின் கூரை எரிந்துபோனது. டீச்சர் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. பச்சையம்மாள் தானே போனாள், விசாரித்தாள், ஓலைக்கும் மரத்துக்கும் கடன் கொடுத்தாள். அக்கம்பக்கத்துச் சொம்பில் லட்சுமியம்மாள் கொடுத்த தண்ணீரையும் குடித்தாள். டீச்சர் திரும்பி வந்ததும் கோபப்படவில்லை. நல்ல காரியம் செய்தாய் என்றுதான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலமே, சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று பச்சையம்மாளையும் அழைத்துக்கொண்டு லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போனார். புதுக்கூரையின் கீழே உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இப்பதான் எனக்கு நெஞ்சு ஆறிச்சி டீச்சர்," என்றாள் லட்சுமியம்மாள்.

டீச்சரின் பையைப் பிடித்துக்கொண்டு பச்சையம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கு வருத்தம்கூட வரவில்லை. டீச்சர் வேண்டுமென்று செய்யவில்லை, லட்சுமியம்மாளும் வேண்டுமென்று சொல்லவில்லை. அதனாலேயே அதைப்பற்றி யாரிடமும் பேச முடியவில்லை.

சர்க்கரை டீச்சரைக் காலில் இருந்து தின்ன ஆரம்பித்தது. முதலில் ஒரு விரல், பிறகு பாதி பாதம். அதன்பிறகு கிட்னி. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு சொம்பு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்து விழுங்குவதற்கும் வாய் நனைப்பதற்கும் அது சரியாகிவிடும்.

இரண்டு மாதம் டீச்சர் டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை. ஆட்டோவில் போனார், குடித்தார். முகமும் கையும் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்தார். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. புதுக்கடன் நின்றது. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் விதைக்கிழங்குக்கும் கேட்டிருந்த பெண்கள் காத்துக் கிடந்தார்கள். முறையை மாற்றலாம், வேறு யாராவது போய்ப் பார்க்கட்டும் என்று நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். தான் குடிக்காமல் பெண்கள் எப்படி நம்புவார்கள் என்பதே டீச்சரின் கேள்வி. கேள்வி சரியானது என்பது பச்சையம்மாளுக்கும் தெரியும். அப்படி ஆக்கி வைத்தவர் யார் என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

கடைசியில் டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் சீராகக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. விளிம்புக்குக் கீழே 'ஆண்டாள்' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பச்சையம்மாளிடம் கொடுத்தார்.

"நான் வாய் வெச்சிக் குடிக்கிற டம்ளருடி இது. இதுல வாங்கி நீ குடி. நான் குடிச்சாப்பல."

பச்சையம்மாள் பையை வாங்கிக்கொண்டாள். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு காலனிக்குள் போவதை நினைத்துப் பார்த்தாள். "டம்ளர் வேணுங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். டீச்சருக்குப் புரியவில்லை. தன் பொருளைத் தூக்கிக் கொடுக்கிறோம், அதைவிடப் பெரிய உரிமை என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். வாய்க்காலைத் தாண்டி இருபது வருடம் நடந்த மனுஷிக்கு அந்தப் பக்கத்துக் கண்ணால் ஒரு டம்ளரைப் பார்க்க வரவில்லை.

மலையில் முதல் வாரம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனது. அங்கே ஒரு வீட்டில் மாமியார்க்காரி டம்ளரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எட்ட நின்றபடி தூக்கி ஊற்றினாள். அவர்கள் வீட்டுச் சொம்பு பச்சையம்மாளின் வாயில் படாமல் காரியம் முடிந்துவிட்டது. டம்ளரை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அதுதான் என்று பச்சையம்மாளுக்கு உடனே விளங்கியது. குடித்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது அவளுடைய காலனி. சின்னப்பொண்ணு வீடு. சின்னப்பொண்ணு முனியனின் அக்காள், பச்சையம்மாளுக்கு நாத்தனார். மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டிருந்தாள். பச்சையம்மாள் பையிலிருந்து டம்ளரை எடுத்ததும் சின்னப்பொண்ணு சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா இது?"

டீச்சருடைய டம்ளர், இதில் குடித்தால் டீச்சர் குடித்த மாதிரி என்று பச்சையம்மாள் சொன்னாள். கிட்னியைச் சொன்னாள், ஒரு நாளைக்கு ஒரு சொம்புக் கணக்கைச் சொன்னாள். சின்னப்பொண்ணு எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒடம்பு முடியலன்னா வர்ல, அது சரி. டம்ளர எதுக்கு அனுப்பணும்? எங்க வூட்ல டம்ளரு இல்லியா? எங்கப்பன் டீக்கடை வாசல்ல கொட்டாங்குச்சிய நீட்டிக்கினு நின்னுச்சு. இப்போ எங்க வூட்டுக்குள்ளயே தனி டம்ளர் வருதா?"

"அப்டி இல்ல அண்ணி. அவங்க மனசுல அது இல்ல."

"மனசுல இன்னா கீதுன்னு நான் பாக்கல. கையில இன்னா கீதுன்னு பாக்கறன்."

பச்சையம்மாள் டம்ளரைப் பையில் திரும்பப் போட்டாள். சின்னப்பொண்ணு கையிலிருந்த சொம்பை வாங்கி, வாய் வைத்து, முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது சின்னப்பொண்ணு சிரித்துக்கொண்டிருந்தாள். கேலி இல்லை. பிரியமான சிரிப்புதான்.

"நீ குடிச்சா இன்னாடி? நேத்து கூடத்தான் எங்க வூட்ல கொழம்பு வாங்கிக்கினு போய்த் துன்ன. நீ எங்க பொண்ணு. நீ குடிக்கிறதுல இன்னா அதிசயம் கீது?"

கடனைப் பச்சையம்மாள் கொடுத்தாள். சின்னப்பொண்ணு இரண்டு தவணை கட்டினாள். மூன்றாவதைக் கட்டவில்லை. கேட்கப் போனபோது கையில் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யார் குடித்தார்கள், யாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். துளிர் தொடங்கியதிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. டம்ளர் கதை கீழே ஊர் ஊராகப் போனது. டீச்சர் டம்ளர் அனுப்புகிறாராம் என்ற பேச்சு ரிஷிவந்தியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் சொம்பு இப்போது அவருக்கு ஆகாதாம் என்று மாறியிருந்தது. குழுக் கூட்டங்களில் ஆட்கள் குறைந்தார்கள். தவணை அங்கங்கே நின்றது. பச்சையம்மாள் டம்ளரைத் தன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டாள். டீச்சர் கேட்டபோது பத்திரமாக இருக்கிறது என்றாள்.

பேங்க் சும்மா இருக்குமா? டீச்சருக்கு அடுத்தது யார் என்று பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் முன்னிலையில் முடிவு செய்யுங்கள், தவணையைச் சீராக்குங்கள், இல்லாவிட்டால் இனிமேல் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டது. துளிரின் கடன்களை மொத்தமாக வாங்கிக்கொள்ள சென்னைக் கம்பெனி ஒன்று ஏற்கெனவே தூது விட்டிருந்தது. நிர்வாகக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் நாராயணசாமி நேர்மையானவர், பயந்தவர். கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

பச்சையம்மாள் யோசித்துப் பார்த்தாள். ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. எல்லாப் பெண்களும் கூடியிருக்கிற இடத்தில், டீச்சர் தன் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு இனிமேல் தாகமில்லை, பச்சை குடித்தால் சங்கம் குடித்த மாதிரி என்று. தோளில் கை வைத்து 'எனக்கப்பறம்' என்று சொல்வது போதாது. 'இன்றிலிருந்து' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் சின்னப்பொண்ணு போன்றவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிப்போவார்கள். பழகாமலும் போகலாம். ஆனால் வேறு என்ன இருக்கிறது?

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் கட்டிலில் சாய்ந்து வாயில் ஒரு ஐஸ் துண்டை ஒதுக்கி வைத்திருந்தார். தண்ணீருக்குப் பதில் அதுதான். உதடு வெடித்திருந்தது.

"தாகம்னா இன்னான்னு இப்பதான்டி தெரியுது பச்சை," என்றார்.

பச்சையம்மாள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, மனசில் இருந்ததைச் சொன்னாள். இருபது வருடத்தில் அவள் டீச்சரிடம் தனக்காக ஒன்று கேட்டது அன்றுதான். தனக்காக என்றுகூடச் சொல்ல முடியாது. டம்ளரைக் காலனியில் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். ஐஸ் கரைந்து முடிந்தது. டீச்சரின் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அது தோன்றவே இல்லையே, நீயாவது அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"சரி. சொல்றன். நாளைக்கு எல்லாரு முன்னாலயும் சொல்றன்."

"ஒரே வார்த்தை போதும் டீச்சர். அதுக்கு மேல நான் பாத்துக்கறன்."

கூட்டம் கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மலையிலிருந்து வேன் வைத்துப் பெண்கள் இறங்கி வந்திருந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. குழுக் கூட்டங்களுக்கு வராமல் நின்றவர்கள்கூட டீச்சரைப் பார்க்க வந்திருந்தார்கள். டீச்சரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தபோது பேச்சு நின்றது. பாதி பாதம் இல்லாமல், முகம் கறுத்து, கை இரண்டும் ஊசித் தழும்பாக இருந்த டீச்சரைப் பல பேர் அன்றுதான் பார்த்தார்கள். சிலர் அழ ஆரம்பித்தார்கள். நாராயணசாமி மைக்கை டீச்சர் கையில் கொடுத்தார். பச்சையம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

டீச்சர் தொண்டையைச் செருமினார். "பச்சைய உங்களுக்கெல்லாம் தெரியும்," என்று ஆரம்பித்தார்.

அப்போது கூட்டத்தின் நடுவே சின்னப்பொண்ணு எழுந்தாள். கையில் அவள் வீட்டுப் பித்தளைச் சொம்பு, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. இத்தனை பேரையும் தாண்டி மேடைக்கு வந்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரித்தான் நடந்து வந்தாள். நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றதும் குரல் உடைந்துவிட்டது.

"டீச்சர், எங்க வூட்டுத் தண்ணி."

பச்சையம்மாள் குனிந்து டீச்சர் காதில் சொன்னாள். "வேணாம் டீச்சர். தாகமில்லன்னு சொல்லுங்க. நான் வாங்கிக் குடிக்கிறன். சொல்லுங்க."

டீச்சர் சொம்பைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். அத்தனை பெண்களும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய முகத்தில் பழைய வெளிச்சம் வந்ததைப் பச்சையம்மாள் கண்டாள். வெயிலில் நடந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, தண்ணீர் கேட்கிற முகம் அது. டீச்சர் மைக்கை மடியில் வைத்தார். சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். வாய் வைத்தார். ஒரு மடக்கு என்று நினைத்தால், நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்க ஏறி இறங்க, வழிந்தது கழுத்தை நனைக்க, சொம்பைக் கவிழ்க்கிற வரைக்கும் குடித்தார்.

பிறகு தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி நல்லா இருக்குது," என்றார்.

மண்டபத்தில் எழுந்த சத்தம் வெளியே பஸ் நிறுத்தம் வரை கேட்டது. பெண்கள் அழுதார்கள், கும்பிட்டார்கள். சின்னப்பொண்ணு டீச்சரின் நல்ல காலைக் கட்டிக்கொண்டாள். முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்தன. நின்றுபோன தவணைகள் அங்கேயே வந்து விழுந்தன. வாங்கிப் போட இடம் போதாமல் பச்சையம்மாள் தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள். நாராயணசாமி மைக்கை எடுத்து, நம் டீச்சர் இருக்கிறவரை துளிருக்கு அழிவில்லை என்றார். அடுத்தது யார் என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் எங்கோ போய்விட்டது. அதை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. பேங்க் ஆபீசர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற ஆட்டோவில் டீச்சர் பச்சையம்மாளின் தோளில் சாய்ந்திருந்தார். மூச்சு இரைத்தது.

"பாத்தியா பச்சை? எல்லாரும் கட்டிட்டாங்க, பாத்தியா?"

"பாத்தன் டீச்சர்."

"நீ சொன்னதச் சொல்லல. அடுத்த வருசம் சொல்லிடறன்."

பச்சையம்மாள் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். நெஞ்சில் நீர் கோத்து அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் டீச்சர் இறந்துபோனார்.

சாவுக்கு வராத ஊர் இல்லை. காலனிப் பெண்கள் ஊர்த்தெருவில் நுழைந்து வாசலில் உட்கார்ந்து மாரடித்தார்கள், யாரும் தடுக்கவில்லை. டீச்சர் கடைசியாக வயிறு நிறையக் குடித்தது என் வீட்டுத் தண்ணீர்தான் என்று சின்னப்பொண்ணு போகிற இடமெல்லாம் சொன்னாள். அந்தப் பெருமை அவளுக்கு இன்றுவரை இருக்கிறது. அவளிடம் போய், அந்தச் சொம்புதான் என்று யார் சொல்வது? பச்சையம்மாள் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் பச்சையம்மாள் கூட்டம் போட்டாள். பெண்கள் வந்தார்கள், டீச்சர் படத்துக்குப் பூ வைத்தார்கள், அழுதார்கள், போனார்கள். கட்டவில்லை. அவள் வீடு வீடாக ஏறினாள், உட்கார்ந்தாள், தண்ணீர் கேட்டாள். கொடுத்தார்கள். சிலர் மோர்கூடக் கொடுத்தார்கள். "எதுக்கு பச்சை இந்த வெயில்ல அலையற? டீச்சரே போயிட்டாங்க," என்று ஆறுதல் சொன்னார்கள். மலையில் இன்னும் மரியாதையாக, வேறு ஊரில் கூட்டம் இருக்கும், பஸ்ஸை விட்டுவிடாதே என்றார்கள். ஒருத்தி கூட அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பேங்க் பணத்தை நிறுத்தியது. நிர்வாகக் குழு கூடி, நிலுவையையெல்லாம் சென்னைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. துளிர் ஆபீஸ் பூட்டப்பட்டது. டீச்சரின் அண்ணன் மகன் வந்து, கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். சீர்ப்பாத்திரத்தில் ஒரு டம்ளர் குறைகிறதே என்று கேட்டான். பச்சையம்மாள் பரணிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தாள்.

கம்பெனி அவளை வேலைக்கு எடுக்கவில்லை. பன்னிரண்டாவது படித்திருக்க வேண்டும், வண்டி ஓட்டத் தெரிய வேண்டும் என்றார்கள். அவள் மரவள்ளிக் கிழங்கு தோண்டப் போனாள். இரண்டு வருடம் கழித்து முனியனுக்கு முதுகெலும்பில் அடிபட்டுக் கரும்பு வெட்ட முடியாமல் போனபோது, அவளே அந்தக் கம்பெனியில் கடனுக்குப் பெயர் கொடுத்தாள். அவளையும் சேர்த்து ஐந்து பெண்கள் ஒரு குழு. குழுத்தலைவி சின்னப்பொண்ணு.

வீடு பார்க்க வந்தது ஒரு சின்னப் பெண். தியாகதுருகம் பக்கத்து ஊராம். கழுத்தில் அட்டை, கையில் போன். வாசலில் நின்றபடியே வீட்டைப் படம் எடுத்தாள், ஆதாரைப் படம் எடுத்தாள், பச்சையம்மாளையும் முனியனையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். நல்ல வெயில். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. பச்சையம்மாள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து நீட்டினாள்.

"வேணாங்கம்மா. மெம்பருங்க வூட்ல தண்ணி கூட வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ரூல்ஸ்," என்றாள் அந்தப் பெண். கெட்ட பெண் இல்லை. சொல்லும்போது கண் சொம்பின் மேலேயே இருந்தது. வண்டிப் பெட்டியிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை அக்கவுண்டில் ஏறும், தவணை தவறினால் மற்ற நான்கு பேரும்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வண்டி போனதும் எதிர்வீட்டு வாசலிலிருந்து சின்னப்பொண்ணு குரல் கொடுத்தாள்.

"இன்னாடி, குடிச்சாளா?"

பச்சையம்மாள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"தாகமில்லையாம்," என்றாள்.

சின்னப்பொண்ணு சிரித்தாள். பழைய பழக்கத்தில் பச்சையம்மாளும் சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பணம் ஏறியது.